எண்ணூற்றொன்று

ஐயம்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஏறி ஏனாத்தூர் போய் இறங்குவதற்குள் துளசி தினமும் ஒரு கணக்குப் போடுவாள். வாய் அசையாது, விரல் மடங்காது. பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு, காலேஜ் டீச்சரம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாள் என்றுதான் தோன்றும். கணக்கு எப்போதும் ஒரே எண்ணைப் பற்றியது. மூன்று கோடியே தொண்ணூற்றொன்பது லட்சத்துப் பதினாறாயிரத்து எண்ணூற்றொன்று.

ஒன்றிலிருந்து பதினொன்றுவரை உள்ள எண்களையெல்லாம் ஒன்றோடொன்று பெருக்கி, வருகிற விடையோடு இன்னும் ஒன்றைக் கூட்டினால் கிடைக்கிற எண் அது. அப்படிப் பிறந்ததால் அதற்கு ஒரு குணம் வந்து சேர்ந்திருந்தது. இரண்டால் வகுத்தாலும் ஒன்று மீதி, மூன்றால் வகுத்தாலும் ஒன்று மீதி. ஏழு, ஒன்பது, பதினொன்று, எதனால் வகுத்தாலும் கடைசியில் கூட்டிய அந்த ஒன்று மட்டும் தட்டில் ஒட்டிய பருக்கை மாதிரி நின்றுவிடும். பதினொன்றைத் தாண்டி எவ்வளவு தூரம் போனாலும் அது பிடிகொடுக்காது. மீதி கூடும், குறையும், இல்லாமல் போகாது. தன்னையும் ஒன்றையும் தவிர வேறு எதனாலும் வகுபடாத பகா எண்.

யாரோ சொல்லித் துளசி தெரிந்துகொண்டதல்ல இது. பிளஸ் டூ முடித்த கோடையில் அவளே உட்கார்ந்து வகுத்துப் பார்த்துக் கண்டது. அந்த எண்ணை ஏதாவது ஒன்று வகுக்குமானால், அதன் வர்க்கமூலமான ஆறாயிரத்து முந்நூற்றுச் சொச்சத்துக்குள் அப்படி ஒன்று இருந்தே ஆக வேண்டும். அதுவரை உள்ள பகா எண்கள் எண்ணூறுக்கு மேல். பக்கத்துத் தறிவீட்டில், புடவையில் பூ விழுவதற்காகத் தறியில் மாட்டி, நைந்துபோய்க் கழித்த ஜக்கார்டு அட்டைகளை அள்ளிக்கொண்டு வந்து, ஊசி போகிற துளைகளைத் தாண்டித் தாண்டி எழுதினாள். நடவு வேலையிலிருந்து சேற்றுக் காலோடு திரும்புகிற அம்மா எல்லம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னாடி இது, அட்டை பூரா கொசு மொய்ச்ச மாரி" என்பாள். ஆடி பிறக்கும்போது கடைசி அட்டையும் தீர்ந்தது. எதுவும் வகுக்கவில்லை. அன்றைய சந்தோஷத்தைச் சொல்ல அவளுக்கு ஆள் இல்லை. யாராலும் உடைக்க முடியாத ஒன்று தன்னிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, சாப்பிடாமல் படுத்துத் தூங்கிப்போனாள்.

இப்போது அந்த எண்ணுக்கு வேறு வேலை வந்திருந்தது.

எல்லம்மாளுக்கு நினைவு அழிகிற நோய். முதலில் வழிகள் போயின, பிறகு பெயர்கள், பிறகு பெற்ற மகள். நோய்க்குப் பெயர் சொன்ன டாக்டர், துளசியை நிறுத்தி, "சில குடும்பத்துல இது பிள்ளைங்களுக்கும் எறங்கி வரும்மா. பயப்படறதுக்காகச் சொல்லல. நீங்களும் ஒருவாட்டி வந்து பாத்துக்கிட்டா நல்லது" என்றார். "பாக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு வந்தவள், அதன் பிறகு அம்மாவுக்கு மருந்து வாங்கப் போனால்கூட அந்த அறை வாசலை விட்டு விலகியே நடந்தாள். அம்மாவுக்கு ஆரம்பித்த வயதை அவளும் நெருங்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்து, ஆட்டோவில் தனக்குத் தானே பரீட்சை வைத்துக்கொண்டாள். ஏழால் வகுத்தால் ஒன்று மீதி வர வேண்டும். வந்தால் இன்றைக்கு ஒன்றுமில்லை. நாளைக்கதை நாளைக்கு. புருஷன் தர்மனுக்குக்கூட இது தெரியாது.

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், ஆட்டோவின் பக்கவாட்டுத் தார்ப்பாய் படபடவென்று அடிக்க, துளசி வழக்கம்போல ஆரம்பித்தாள். காலையில் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டுக் கிளம்பவே நேரமாகிவிட்டது. முப்பத்தொன்பதில் ஏழு, ஐந்து தரம், நாலு நிற்கும். நாற்பத்தொன்பதில் ஏழு தரம், ஒன்றும் நிற்காது. பிறகு பதினாறு. பிறகு இருபத்தெட்டு. பிறகு வழுக்கிக்கொண்டு போய் முடிந்தது.

மீதி இல்லை.

அவசரத்தில் எங்கேயோ விட்டிருப்போம் என்று முதலிலிருந்து வந்தாள். நிதானமாக, ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்குகிறமாதிரி. மறுபடியும் அதே இடத்தில் ஒன்றுமில்லாமல் முடிந்தது. ஏழு அந்த எண்ணுக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துவிட்டது. ஒன்பதுக்கு இவ்வளவு பாடு வேண்டாம், இலக்கங்களைக் கூட்டினால் போதும். கூட்டினாள். முப்பத்தாறு. முப்பத்தாறு ஒன்பதால் வகுபடும். முப்பத்தேழு வர வேண்டுமே என்று தெரிந்தது. ஆனால் அந்த முப்பத்தேழு எங்கிருந்து வரும் என்று தெரியவில்லை. முப்பது வருஷமாகப் பூட்டியே கிடந்த கதவு. தள்ளினால் திறக்கிறது. உள்ளே வெறும் வீடு.

"அக்கா! அக்கோவ்!"

ஆட்டோ நின்றிருந்தது. ஓட்டுகிற வேல்முருகன் முழுசாகத் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற எல்லோரும் இறங்கிப் போயிருந்தார்கள்.

"காலேஜ் கேட்டு எப்பவோ போயிடுச்சிக்கா. கூப்டுக்கினே வரேன், நீங்க பாட்டுக்கு வெளிய பாத்துக்கினு இருக்கீங்க. இன்னா, லீவு போட்டு ஊர் சுத்தலாம்னு பிளானா?"

"மழ சத்தத்துல கேக்கலப்பா."

"மழ நின்னு பத்து நிமிஷம் ஆவுது," என்று சிரித்தபடி வண்டியைத் திருப்பினான்.

முதல் வகுப்பு இரண்டாமாண்டு மாணவிகளுக்கு. அன்றைய பாடம் வேறு. ஆனால் துளசிக்கு அந்த எண்ணைத் தலைக்கு வெளியே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்போல் இருந்தது. தலைக்குள் எது வேண்டுமானாலும் நடக்கலாம். பலகையில் எழுதிவிட்டால் அது எல்லோருக்கும் பொதுவாகிவிடும். சாக்பீஸை எடுத்து, வாய்க்குள் சொல்லிக்கொண்டே பெரிதாக எழுதினாள். எழுதிவிட்டுத் திரும்பி, "இது பகா எண். வேணும்னா வகுத்துப் பாருங்க. ஏழால வகுத்தா மீதி எவ்ளோ வருதுன்னு சொல்லுங்க" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

சிலர் போனை எடுத்தார்கள். முன்வரிசையில் இருக்கும் கீர்த்தி எடுக்கவில்லை. தலையைச் சாய்த்துப் பலகையைப் பார்த்துவிட்டு, "கால்குலேட்டரே வேணாம் மேம்" என்றாள். "கடைசில ரெண்டு ஜீரோ நின்னுக்கினு இருக்குது. இது எப்டி மேம் ப்ரைம் ஆவும்? அஞ்சாங்கிளாஸ் பசங்களே சொல்லிடும்."

"லூசு, மேம் நம்மள டெஸ்ட் பண்றாங்கடி," என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். வகுப்பு சிரித்தது.

துளசி திரும்பிப் பலகையைப் பார்த்தாள்.

அவள் எழுதிய எண் அங்கே இருந்தது. அதே வரிசை, அதே தொண்ணூற்றொன்பது, அதே பதினாறு. கடைசியில் இரண்டு பூஜ்யங்கள். இரண்டு பூஜ்யங்கள் இருக்கின்றன, சரி, அதில் என்ன தப்பு என்று தேடினாள். தப்பு இருக்கிறது என்று தெரிகிறது, எங்கே என்று தெரியவில்லை. தெரிந்தவர் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, இங்கே ஏதோ ஒரு சாமான் குறைகிறதே, எது என்று யோசிப்பதுபோல. பின்னால் சிரிப்பு மெல்ல அடங்கியது. அப்படி எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளால் பிறகு சொல்ல முடியவில்லை. யாரோ ஒருத்தி நாற்காலியை நகர்த்தினாள்.

பிறகுதான் தெரிந்தது. எண்ணூறு அல்ல. எண்ணூற்றொன்று.

கடைசிப் பூஜ்யத்தைப் புறங்கையால் அழித்துவிட்டு ஒன்று போட்டாள். கோடு நேராக வரவில்லை.

"ஓ, ஒண்ணுதான் மேம் மிஸ்ஸிங்," என்றாள் கீர்த்தி, இரக்கத்தோடு. "ஒண்ணே ஒண்ணு."

"ஆமா," என்றாள் துளசி. "ஒண்ணே ஒண்ணு."

அதன் பிறகு ஆசிரியர் அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, திறக்காத சாப்பாட்டு டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு எண்களும் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவே சுவர்கூட இல்லை. எண்ணூறில் முடிகிறதை ஐந்நூற்று நாற்பது எண்கள் வகுக்கும். யார் வந்து கேட்டாலும் பங்கு பிரித்துக் கொடுக்கிற எண் அது. ஒரு காலடி தள்ளி எண்ணூற்றொன்றில் முடிகிறது யாருக்கும் தன்னைக் கொடுக்காது. இத்தனை வருஷமும் அவள் அதைப் பாறையென்று நினைத்திருந்தாள். பாறையாக இருந்தது எண் அல்ல, கடைசியில் நின்ற அந்த ஒன்று. அது போனால் எல்லாம் போயிற்று. போனதும் தெரியாது. அதுதான் அவளை உலுக்கியது. கை தவறி விழுந்தால் சத்தம் கேட்கும், குனிந்து எடுக்கலாம். இது சத்தமே போடாமல் போயிருந்தது. நேற்று போனதா, போன வாரமா? நேற்றுக் காலை மீதி ஒன்று வந்ததா? வந்ததாகத்தான் ஞாபகம். ஆனால் அந்த ஞாபகத்தை எதை வைத்துச் சோதிப்பது?

திரும்பி வருகிற வழியில் தன்னைத் தானே கேள்வி கேட்டுக்கொண்டாள். திருமுக்கூடலில் கூடுகிற ஆறுகள்: பாலாறு, செய்யாறு, வேகவதி. தெரிகிறது. கல்யாணத்தன்று கட்டியிருந்த புடவை: மாம்பழ நிறம், அரக்கு பார்டர். தெரிகிறது. கல்லூரியில் சேர்ந்த புதிதில் துறைத்தலைவராக இருந்தவர் பெயர், அவர் எந்தக் கையில் கடிகாரம் கட்டுவார், எல்லாம் தெரிகிறது. ஒவ்வொன்றும் வந்து நிற்க நிற்கப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. கேட்கத் தோன்றுவதெல்லாம் இருப்பவைதாமே. இல்லாமல் போனதைப் பற்றிக் கேட்க எப்படித் தோன்றும்?

வீட்டில், பகலெல்லாம் எல்லம்மாளைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டுக் காமாட்சியம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தாள்.

"வா டீச்சரு. உங்கம்மா இன்னிக்கு என்ன அவங்க நாத்தனார் ஆக்கிட்டாங்க. 'எம் வளையல எடுத்துக்கினு போனியே, குடுடி'ன்னு ஒரே சண்ட. நானும் நாளைக்குக் குடுக்கறேன் அண்ணின்னு சொல்லி வெச்சிருக்கேன்."

துளசி சிரிக்க முயன்றாள். காமாட்சியம்மாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, ஒடம்பு முடியலயா? மழையில நனஞ்சியா?" என்றாள்.

"தலவலிக்கா."

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தர்மன் வந்தான். வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் அவனுக்கு ஒரு வண்டி பழுது பார்க்கிற கடை இருந்தது. கை கழுவிவிட்டு, நகக்கண்ணில் இருந்த கிரீஸை ஈர்க்குச்சியால் சுரண்டியபடி சமையலறை வாசலில் உட்கார்ந்தான். துளசி அம்மாவுக்கு எதிரே மணை போட்டு உட்கார்ந்து, கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

எல்லம்மாள் இளமையில் திருமுக்கூடல் பக்கத்துக் களங்களில் கூலிக்கு நெல் தூற்றியவள். மற்றதெல்லாம் போய்விட்ட பிறகும் களம் மட்டும் அவளுக்குள் அப்படியே கிடந்தது. மகளை மகளாகத் தெரியாது. நெல் அளக்கிற ஆளாகத்தான் தெரியும். சும்மா ஊட்டினால் வாயைத் திறக்க மாட்டாள். ஒவ்வொரு கரண்டிக்கும் எண்ணிக்கை சொல்ல வேண்டும்.

"லாபம்," என்றாள் துளசி.

எல்லம்மாள் வாயைத் திறந்தாள்.

"ரெண்டு."

களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை யாரும் ஒன்று என்று சொல்வதில்லை. லாபம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். போன சித்திரையில், இது தெரியாமல் துளசி "ஒண்ணு" என்று சொல்லிக் கரண்டியை நீட்டியபோது, எல்லம்மாள் அதைத் தட்டிவிட்டாள். கஞ்சி சுவரெல்லாம் தெறித்தது. "வெளங்குமா? மொதல் அளவுலயே வாய வெக்கிறியே, வெளங்குமா களம்?" என்று கத்தி, அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மாத்திரைக்கும் அதுதான், தண்ணீருக்கும் அதுதான். நாலைந்து தடவை பட்ட பிறகு துளசியின் வாயிலிருந்து ஒன்று என்ற சொல் வருவது நின்றது.

"மூணு."

தர்மன் குச்சியைக் கீழே போட்டுவிட்டுக் கொஞ்சம் சிரித்தான்.

"வேல்முருகன் வந்திருந்தான் கடைக்கு. பிரேக் பாக்க. நேத்து அவங்கிட்ட இன்னா சொன்ன?"

"இன்னா சொன்னேன்?"

"எத்தினி பேருக்கா ஏறணும்னு கேட்டிருக்கான். 'லாபம் ஆளுதாம்பா'ன்னு சொன்னியாம். அவன் ரெண்டு தரம் கேட்டிருக்கான், ரெண்டு தரமும் அதையே சொல்லியிருக்க. 'அக்கா என்ன கிண்டல் பண்றாங்களா, எனக்கு இன்னா லாபம் இருக்குது இந்த வண்டில'ன்னு பொலம்புறான்." சொல்லிவிட்டு அவனே மறுபடி சிரித்தான். "போன வாரம் காய்காரன்கிட்டயும் லாபம் கிலோ தக்காளின்னு கேட்ட. உங்கம்மாவுக்கு ஊட்டி ஊட்டி, உனக்கு ஒண்ணுன்ற வார்த்தையே மறந்துபோச்சி."

கரண்டி அந்தரத்தில் நின்றது.

துளசி ஒரு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். மூன்று கோடியே தொண்ணூற்றொன்பது லட்சத்துப் பதினாறாயிரத்து எண்ணூற்று. அங்கே நாக்கு தயங்கியது. கஞ்சி தெறித்த சுவருக்கு முன்னால் தயங்குவதுபோல, கரண்டியைத் தட்டிவிட வருகிற கைக்கு ஒதுங்குவதுபோல. தயங்கிவிட்டு, அந்தச் சொல்லைத் தாண்டிப் போய் முடித்துக்கொண்டது. அவ்வளவுதான். அவ்வளவேதான்! காலையில் அவள் வகுத்தது எண்ணூறில் முடிகிற எண்ணை. அது ஏழால் மீதியில்லாமல்தான் வகுபடும். முப்பத்தாறும் சரி. ஒவ்வொரு படியும் சரி. கணக்கு எங்கேயும் தப்பவில்லை.

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. தர்மன் பதறிப்போனான். "ஏய், சும்மா வெளையாட்டுக்குச் சொன்னம்மா, இதுக்குப் போயி..."

அவள் தலையை ஆட்டிவிட்டு, எல்லாவற்றையும் அவனிடம் சொன்னாள். எண்ணைப் பற்றி, ஆட்டோவில் தினமும் வைத்துக்கொள்கிற பரீட்சையைப் பற்றி, வகுப்பில் பலகைக்கு முன்னால் நின்றதைப் பற்றி. டாக்டர் சொன்னதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

"அதான் தெரிஞ்சிபோச்சே," என்றான் தர்மன் கடைசியில். "பாடம் எடுக்கற வாய்ல லாபம் பூந்துக்கிச்சி. வேற ஒண்ணுமில்ல. இதுக்குப் போயி நாள் பூரா பட்டினி கெடந்தியா?"

"நாலு," என்றாள் துளசி அம்மாவிடம். எல்லம்மாள் விழுங்கினாள்.

எல்லாம் சரியாக இருந்தது. வேல்முருகன், தக்காளி, கஞ்சி, எண்ணூறு என்று ஒன்றுவிடாமல் அதில் பொருந்தின. எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. துளசி அந்தச் சமாதானத்தைத் தனக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இப்படி மீதியே இல்லாமல் தீர்ந்துபோகிறதே என்று ஓர் எண்ணம் ஓடியது. காலையில் ஏழு உள்ளே போய்க் கச்சிதமாக உட்கார்ந்ததும் இப்படித்தான் இருந்தது.

அம்மாவுக்கு ஆரம்பித்தபோதும் எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்தது. காப்பியில் உப்பைப் போட்டாள். கண்ணாடி மாற்ற வேண்டும் என்றார்கள். ஐயம்பேட்டை பஸ் நிறுத்தத்தில் இறங்கி, வீட்டுக்கு வராமல் எதிர்ப்பக்கம் நடந்து போனாள்; வெயில் என்றார்கள். ஒருநாள் சாயங்காலம், செத்து வருஷங்கள் ஆன அப்பாவுக்குத் தட்டு எடுத்து வைத்துவிட்டு, "இன்னும் காணோமே மனுசன" என்று வாசலைப் பார்த்தாள். பகலில் தூங்கி எழுந்திருக்கிறாள், தூக்கக் கலக்கம் என்று சொன்னது துளசிதான். ஒவ்வொரு காரணமும் நல்ல காரணமாக இருந்தது. பொய்யான காரணம் ஒன்றுகூட இல்லை. கண்ணாடி நிஜமாகவே பழசு, வெயில் நிஜமாகவே கடுமை.

வார்த்தை நழுவியதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் பலகையில் அந்த இரண்டு பூஜ்யங்களைப் பார்த்துக்கொண்டு, தப்பு எது என்று தெரியாமல் நின்றாளே, அதற்கு லாபம் என்ன செய்யும்? கல்லூரி வாசல் கடந்து போனது தெரியாமல் உட்கார்ந்திருந்ததற்கு?

"ஏங்க," என்றாள்.

"ம்."

"வேற எதுனா பாத்தீங்களா? எங்கிட்ட."

"வேறன்னா?"

"லாபம் இல்லாம. வேற எதுனா."

தர்மன் உடனே இல்லை என்று சொல்வான் என்று அவள் எதிர்பார்த்தாள். சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அவன் கீழே போட்ட குச்சியைத் தேடி எடுத்தான். சுத்தமாகிவிட்ட நகத்தையே மறுபடி சுரண்டினான். தெருவில் ஏதோ ஒரு வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. நிற்கும், நூல் அறுந்ததை முடிந்த பிறகு மறுபடி ஆரம்பிக்கும். அது ஒரு முறை நின்றது. மறுபடி ஆரம்பித்தது. ஓட்டுச் சரிவிலிருந்து மழைத்தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. துளசி அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன் எப்ப வருவார்னு கேட்ட," என்றான்.

"எந்த அண்ணன்?"

"எங்கண்ணன்தான். ஆயுத பூஜைக்கு மறுநா. கடைலருந்து பொரி கொண்டாந்தேன் இல்ல? அதுல கொஞ்சம் தனியாக் கட்டி வெச்சிட்டு, 'இது உங்கண்ணனுக்கு, எப்ப வருவார்?'னு கேட்ட."

தர்மனின் அண்ணன் நமச்சிவாயம் போன மாசியில் இறந்துபோயிருந்தார். காரியத்துக்கு வந்த சனத்துக்கெல்லாம் நின்று சமைத்துப் போட்டவள் துளசி.

"நான் கேட்டனா?"

"ம்."

அவள் தேடிப் பார்த்தாள். பொரி ஞாபகம் இருந்தது. பொரியைக் கட்டின பையின் நிறம்கூட ஞாபகம் இருந்தது. கேட்டது இல்லை. அது இருந்த இடமும் இல்லை.

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"வருவார்னு சொன்னேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"தூக்கக் கலக்கம்னு நெனச்சிக்கினேன்."

சொல்லிவிட்டு அவன் நிமிர்ந்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் துளசிக்குப் புரிந்தது, இத்தனை நாளும் அவனும் ஏதோ ஒரு கணக்கை வைத்துக்கொண்டு தினமும் அவளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். சற்று முன் அவன் மறுபடி மறுபடி சிரித்தது வேல்முருகனுக்காக அல்ல. லாபம் என்று ஒரு காரணம் கிடைத்ததே, அதற்காக.

"அந்த டாக்டரப் பாக்கணும்," என்றாள். "வெள்ளிக்கெழம கடைய மூடிட்டு வரீங்களா?"

"வெள்ளிக்கெழம வரைக்கும் எதுக்கு?" என்றான் தர்மன் அவசரமாக. "நாளைக்கே போவலாம். காலையிலயே."

ஏன் என்று கேட்கவில்லை, வேண்டாம் என்று சொல்லவில்லை, பைத்தியமா உனக்கு என்று திட்டவில்லை. திட்டுவான் என்று எவ்வளவு நம்பியிருந்தோம் என்பது அப்போதுதான் துளசிக்குத் தெரிந்தது. அவள் கையிலிருந்த கிண்ணம் சாய்ந்து கஞ்சி விளிம்பில் வழிந்தது. அவன் எட்டிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேர் கையிலும் அது இருந்தது.

எல்லம்மாள் தரையைத் தட்டினாள். "இன்னா அளவு நின்னுபோச்சி? பொழுது போவுது, ஆளுங்க காத்துக்கினு இருக்காங்க. அளங்கப்பா."

துளசி கரண்டியை எடுத்து மொண்டாள். எத்தனையில் நிறுத்தினோம் என்று தெரியவில்லை. தர்மனைப் பார்த்தாள். அவனும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. அம்மா வாயைத் திறந்தபடி, அடுத்த எண்ணுக்காக இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.